அழியாக் கணக்கு – 5: சிரையில் ஏன் இந்தச் சிவப்பு?

சென்ற வாரம் மியூனிக் ஆயுதச் சாலையில் நின்றிருந்தோம். நீர்ப் பெட்டிக்குள் கிடத்திய பீரங்கி உலோகத்தை மழுங்கிய துளைக்கருவி தேய்த்தது. அதைச் சுழற்றக் குதிரைகள் வட்டமிட்டன. அடியில் ஒரு பொறி நெருப்பும் இல்லை. ஆனாலும் இரண்டரை மணி நேரத்தில் தண்ணீர் தளதளவென்று கொதித்தது.

1798-இல் அந்தச் சோதனையை லண்டன் ராயல் சொசைட்டியின் முன் வைத்த கவுண்ட் ரம்ஃபோர்டு, 'கலோரிக்' என்ற வெப்பப் பாய்மத்தின் மேல் உலகம் வைத்திருந்த நம்பிக்கையை அசைத்துவிட்டார். பாய்மம் என்றால் ஒரு கட்டத்தில் வற்றியாக வேண்டும். தேய்க்கத் தேய்க்க வெப்பம் வந்துகொண்டே இருக்கிறதென்றால், அங்கே இயக்கமே வெப்பமாகிறது.

ஆனால் எவ்வளவு இயக்கம் எவ்வளவு வெப்பமாகிறது? அதற்கு ஓர் எண்ணைச் சொல்லி உலகத்தை ஒப்புக்கொள்ள வைக்க அடுத்த நாற்பது ஆண்டுகளில் ஒருவரும் வரவில்லை. கடைசியில் வந்தவர் இயற்பியல் படித்தவரல்ல. அவர் கையில் இருந்தது ரத்தம் எடுக்கும் கத்தி.

சுரபயா, 1840

ரோட்டர்டாமிலிருந்து அந்த ஆண்டு பிப்ரவரியில் புறப்பட்ட 'ஜாவா' என்ற டச்சுக் கப்பல், நெடும்பயணத்துக்குப் பின் ஜாவாத் தீவை அடைந்து சுரபயா துறையில் நங்கூரம் பாய்ச்சியிருந்தது. கப்பல் மருத்துவர் யூலியஸ் ராபர்ட் மேயருக்கு 25 வயது. ஜெர்மனியின் ஹைல்பிரான் நகரத்து மருந்துக் கடைக்காரரின் மகன். தடை செய்யப்பட்ட மாணவர் சங்கத்தில் சேர்ந்ததற்காக டூபிங்கன் பல்கலைக்கழகத்தின் தண்டனைக்கு ஆளானவர். எப்படியோ பட்டம் பெற்றுக் கடலுக்கு வந்துவிட்டார்.

அந்தக் காலத்தில் காய்ச்சல் என்றாலும் மூச்சுத் திணறல் என்றாலும் முதல் வைத்தியம் ரத்தம் எடுப்பதுதான். மாலுமி ஒருவரின் மேற்கையைத் துணியால் இறுகக் கட்டினார் மேயர். முழங்கையின் உள்மடிப்பில் நீலமாகப் புடைத்த சிரையைக் கத்தி நுனியால் கீறினார். சிரை ரத்தம் கருஞ்சிவப்பாகச் சொட்ட வேண்டும். வந்ததோ பளிச்சென்ற சிவப்பு.

மேயர் பதறினார். கை தவறித் தமனியையே வெட்டிவிட்டோமோ? தமனி என்றால் உயிருக்கு ஆபத்து. ஆனால் ரத்தம் நாடித் துடிப்போடு பீறிடவில்லை, சிரையிலிருந்து வருவதுபோல் சீராகத்தான் வடிந்தது. அடுத்தடுத்த மாலுமிகளுக்கும் அதே நிறம். வெப்ப நாட்டில் இது வழக்கந்தான் என்றார்கள் அந்தப் பக்கத்தில் நெடுங்காலம் தொழில் பார்த்த மருத்துவர்கள். பார்த்துப் பழகியதால் ஏன் என்று கேட்பதை அவர்கள் நிறுத்தியிருந்தார்கள். மேயரால் நிறுத்த முடியவில்லை.

கரைக்குப் போய் ஊர் சுற்றிப் பார்க்கவும் அவருக்கு மனம் வரவில்லை. சில எண்ணங்கள் மின்னலாகத் தம்முள் பாய்ந்தது சுரபயா துறையில்தான் என்று பின்னாளில் நண்பருக்கு எழுதினார். அந்த எண்ணங்களைப் படிப்படியாகப் பார்ப்போம்.

உடம்பின் சூடு எங்கிருந்து வருகிறது? உண்ட உணவு உடலுக்குள் மெல்ல எரிவதால் வருகிறது என்று வேதியியலாளர் லவாய்சியர் அதற்கு அரை நூற்றாண்டு முன்பே காட்டிவிட்டார். எரிய ஆக்சிஜன் வேண்டும். அதைச் சுமந்து வரும் தமனி ரத்தம் பளிச்சென்றிருக்கிறது, கொடுத்துவிட்டுத் திரும்பும் சிரை ரத்தம் கறுத்திருக்கிறது. குளிர் நாட்டில் உடல் வெளிக்காற்றுக்கு நிறைய வெப்பத்தை இழக்கிறது, ஈடுகட்ட நிறைய எரிக்கிறது. ஜாவாவின் வெக்கையில் இழப்பு குறைவு, எரிப்பும் குறைவு. மிஞ்சிய ஆக்சிஜனோடு ரத்தம் சிவப்பாகவே திரும்புகிறது.

கெட்டிக்கார மருத்துவர் இந்த இடத்தில் திருப்தியடைந்து குறிப்பேட்டை மூடியிருப்பார். மேயர் இன்னொரு படி ஏறினார்.

உடல் தோல் வழியாக மட்டுமா வெப்பத்தைத் தருகிறது? கப்பலில் கயிறு இழுக்கும் மாலுமியின் உள்ளங்கை சுடுகிறது. கயிறு உருளும் கப்பியும் சுடுகிறது. கொல்லன் அடிக்க அடிக்கப் பட்டடை இரும்பு சூடேறுகிறது. அந்தச் சூடெல்லாம் எதிலிருந்து வந்தது? அவர்கள் தின்ற உணவிலிருந்துதான். அப்படியானால் உணவு சில சமயம் நேராக உடற்சூடாகிறது, சில சமயம் உழைப்பாக மாறி வெளியே போய் அங்கே சூடாகிறது. இரண்டு வழியிலும் கூட்டுத்தொகை ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். இல்லையென்றால் எங்கோ ஒன்றுமில்லாததிலிருந்து ஏதோ பிறக்கிறது, அல்லது ஏதோ ஒன்றுமில்லாமல் அழிகிறது. இரண்டையும் மேயரின் மனம் ஏற்கவில்லை.

ஆக, உழைப்பும் வெப்பமும் வேறு வேறல்ல. ஒரே பொருள் வேறு வேறு உருவில் வருகிறது. அந்த ஒன்றைத்தான் இன்று நாம் ஆற்றல் என்கிறோம்.

ரத்தத்தின் நிறத்துக்கு மேயர் சொன்ன காரணம் அப்படியே சரியல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். வெப்பத்தைத் தணிக்கத் தோலை நோக்கி நிறைய ரத்தம் வேகமாகப் பாய்வதால்தான் கைச் சிரையில் ஆக்சிஜன் மிஞ்சுகிறது என்று இன்றைய உடலியல் சொல்லும். பிடித்த நூலின் நுனி பிசகானதுதான். ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு அவர் போய்ச் சேர்ந்த இடத்தை 180 ஆண்டுகளாக எந்தச் சோதனையாலும் அசைக்க முடியவில்லை.

ஓடைச் சக்கரம்

ஏன் இந்த ஒருவருக்கு மட்டும் அது தோன்றியது? ஹைல்பிரானில் நெக்கார் ஆறு ஓடுகிறது. சுமார் பத்து வயதில் மேயர் ஓடை நீரில் சின்னச் சின்னச் சக்கரங்கள் செய்து சுழலவிட்டார். பிறகு ஓர் ஆசை பிறந்தது. நீர்ச் சக்கரம் சுழலட்டும், அந்தச் சுழற்சியே ஒரு திருகுக் குழாயால் நீரை மேலே ஏற்றட்டும், ஏறிய நீர் மறுபடி சக்கரத்தைச் சுழற்றட்டும். ஆறே வேண்டாமல் என்றென்றைக்கும் ஓடும் இயந்திரம்!

ஓடவில்லை. எத்தனை விதமாக மாற்றிச் செய்தாலும் ஓடவில்லை. இயற்கை இலவசமாக எதையும் தருவதில்லை என்பதை அந்தச் சிறுவன் தன் கையாலேயே கண்டுகொண்டான். தோற்றுப்போன அந்த விளையாட்டின் அடியில் ஒரு பேருண்மை இருப்பது அவனுக்கு விளங்க 15 ஆண்டுகளும் ஒரு கடற்பயணமும் தேவைப்பட்டன.

பதில் வராத தபால்

1841-இல் ஊர் திரும்பிய மேயர் முதல் வேலையாகக் கட்டுரை எழுதினார். ஜூன் மாதம் அதை பெர்லினுக்கு அனுப்பினார். இயற்பியல் உலகம் மதித்த 'அன்னாலன்' இதழின் ஆசிரியர் போகென்டார்ஃபின் மேசைக்கு அது போயிற்று. மேயர் காத்திருந்தார். பதில் இல்லை. கட்டுரை கிடைத்தது என்று ஒரு வரிகூட இல்லை. நினைவூட்டிக் கடிதம் போட்டார். அதற்கும் மௌனம்.

கட்டுரையில் குறைகள் இருந்தது உண்மை. இயங்கும் பொருளின் ஆற்றலைக் கணக்கிட வேகத்தை வேகத்தாலேயே பெருக்க வேண்டும். வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகும். மேயர் அதைத் தவறவிட்டிருந்தார். ஆனால் தவற்றைச் சுட்டி இரண்டு வரி எழுதினால் திருத்திக்கொள்ளத் தயாராக இருந்த ஒருவரை, அறிவியலின் வாசலில் வருடக்கணக்காக நிற்கவைத்தது அந்த மௌனம். 1877-இல் போகென்டார்ஃப் இறந்த பிறகு அவருடைய காகிதக் கட்டுகளுக்குள் அந்தக் கையெழுத்துப் பிரதி கிடைத்தது. 36 ஆண்டுகள் அங்கேயே கிடந்திருக்கிறது!

மேயர் சோர்ந்து உட்காரவில்லை. கணிதம் தெரிந்த நண்பரிடம் போய்ப் பாடம் கேட்டார். இயற்பியலாளர்களைத் தேடிப் போனார். பேராசிரியர் யோலி ஓர் இடக்கான கேள்வியைப் போட்டாராம்: நீங்கள் சொல்வது மெய்யானால், தண்ணீரைக் குலுக்கினாலே சூடேற வேண்டுமே? மேயர் ஒன்றும் பேசாமல் எழுந்து போனார். சில வாரங்கள் கழித்து ஒரு மனிதர் யோலியின் அறைக்குள் வந்து, தம் ஊர்ப் பேச்சுவழக்கில், அப்படித்தான் ஆகிறது என்றார். எதைச் சொல்கிறார், யார் இவர் என்று யோலிக்குப் புரியவே சற்று நேரம் பிடித்ததாம். பலமாகக் குலுக்கிய நீர் 12 டிகிரியிலிருந்து 13 டிகிரிக்கு ஏறியதை மேயர் அச்சிலும் பதிவு செய்தார்.

365 மீட்டர்

1842 மே மாதம், வேதியியலாளர் லீபிக் நடத்திய இதழில் மேயரின் கட்டுரை வெளிவந்தது. சில பக்கங்கள்தான். அதன் இறுதியில் ஓர் எண் இருந்தது.

அதை அவர் கண்ட வழி இது. ஓர் உருளைக்குள் காற்றை அடைத்து, மூடியை அசையாமல் இறுக்கிவிட்டுச் சூடாக்குங்கள். ஒரு டிகிரி ஏற ஒரு குறிப்பிட்ட அளவு வெப்பம் செலவாகும். இப்போது மூடியை நகரவிட்டு அதே காற்றைச் சூடாக்குங்கள். காற்று விரிந்து மூடியைத் தள்ளும். இம்முறை அதே ஒரு டிகிரிக்குக் கூடுதல் வெப்பம் தேவைப்படுகிறது. இந்த வேறுபாடு அக்கால அறிஞர்களுக்குத் தெரிந்ததுதான். கூடுதலாகப் போன வெப்பம் மூடியைத் தள்ளிய வேலையாக மாறிவிட்டது என்று மேயர் புரிந்துகொண்டார். வெப்பம் இவ்வளவு, வேலை இவ்வளவு. ஒன்றால் ஒன்றை வகுத்தால் விகிதம் கிடைத்துவிடும்! புதிதாக ஒரு கருவி செய்யாமல், மற்றவர்கள் அளந்து வைத்த எண்களுக்குள்ளிருந்தே அவர் விடையை எடுத்தார்.

ஒரு கிலோ நீரை ஒரு டிகிரி சென்டிகிரேடு சூடாக்கும் வெப்பம், ஒரு கிலோ எடையைச் சுமார் 365 மீட்டர் உயரத்துக்குத் தூக்கும் வேலைக்குச் சமம்.

இன்றைய ஈஃபில் கோபுரத்தின் உயரமே 330 மீட்டர்தான். அதற்கும் மேலிருந்து விழும் நீர்கூட அடியில் ஒரு டிகிரிதான் சூடேறும். இத்தனை ஆயிரம் ஆண்டுகள் மனிதர் அருவியில் குளித்தும் இதை உணராமல் போனதற்குக் காரணம் இப்போது விளங்குகிறதல்லவா?

அயல்நாட்டுப் பணத்தை நம் பணமாக மாற்றும்போது ஒரு மாற்று வீதம் இருக்கிறது. அந்த வீதம் நாளுக்கு நாள் ஏறி இறங்கும். வேலைக்கும் வெப்பத்துக்கும் இடையிலான வீதமோ எந்த நாட்டிலும் எந்தக் காலத்திலும் மாறாது. மேயரின் துணிச்சலான கூற்று அதுதான். ஆனால் அவர் எடுத்தாண்ட காற்றின் வெப்ப அளவுகள் அக்காலத்தில் அவ்வளவு துல்லியமாக இல்லை. அதனால் அவருடைய எண் உண்மையைவிடக் குறைந்துவிட்டது. சரியான எண் 427 மீட்டருக்கு அருகில் இருக்கிறது.

1845-இல் இன்னும் பெரிதாக எழுதினார். அச்சுச் செலவு அவர் கைக்காசு. உயரத்தில் நிற்கும் பொருளின் ஆற்றல், ஓடும் பொருளின் ஆற்றல், வெப்பம், மின்சாரமும் காந்தமும், வேதிப் பொருளுக்குள் அடங்கியிருப்பது என்று ஐந்து உருவங்களை வரிசைப்படுத்தி, ஒன்று மற்றொன்றாக மாறும் வழிகளைக் காட்டினார். சூரிய ஒளியைப் பிடித்து வேதி ஆற்றலாகச் சேமித்து வைக்கிறது தாவரம். அதைத் தின்று விலங்கு நடக்கிறது, சுமக்கிறது, உடம்பைச் சூடாக வைத்துக்கொள்கிறது. புதையுண்ட பழங்காலத் தாவரமே நிலக்கரி. அதை எரித்தால் நீராவி, நீராவியால் ரயில், ரயில் நின்றால் சக்கரத்திலும் தண்டவாளத்திலும் சூடு. சூரியனில் தொடங்கி ரயில் சக்கரம் வரை ஒரே பொருள் உருமாறி உருமாறிப் போகிறது. இவ்வளவு பெரிய காட்சியை ஒரு நகரத்து மருத்துவர் தம் நோயாளிகளுக்கு நடுவே உட்கார்ந்து கண்டார்.

உலகம் திரும்பிப் பார்க்கவில்லை. அதைவிட மோசமான ஒன்றும் நடந்துகொண்டிருந்தது. அது மேயருக்குத் தெரியாது. ஆங்கிலக் கால்வாய்க்கு அப்பால் வேறொருவர் அதே எண்ணைத் தேடிக்கொண்டிருந்தார்.

மதுவாலையின் மகன்

மான்செஸ்டரை ஒட்டிய சால்ஃபோர்டில் பீர் காய்ச்சும் ஆலை நடத்திய குடும்பத்தில் 1818-இல் பிறந்தவர் ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல். பல்கலைக்கழகம் போகவில்லை. அணுக் கொள்கை தந்த ஜான் டால்டனிடம் பாடம் கேட்டவர்.

அவர் தொடங்கியது முழுக்க முழுக்க லாபக் கணக்கில். ஆலையின் நீராவி இயந்திரத்தைத் தூக்கிவிட்டு, புதிதாக வந்திருந்த மின் மோட்டாரை வைத்தால் மிச்சமாகுமா? மின்கலத்தில் கரையும் துத்தநாகத்தையும் உலையில் எரியும் நிலக்கரியையும் எடைக்கு எடை ஒப்பிட்டார். நல்ல நீராவி இயந்திரத்தில் நிலக்கரி செய்யும் வேலையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கைத்தான் துத்தநாகம் செய்தது. விலையோ பல மடங்கு. முதலாளியின் கனவு அதோடு முடிந்தது. ஆனால் மின் கம்பியில் பிறக்கும் வெப்பத்தை அளந்து பழகியவருக்கு ஒரு கேள்வி தூக்கத்தைக் கெடுத்தது: அந்த வெப்பம் எங்கிருந்தோ பெயர்ந்து வருகிறதா, புதிதாக உண்டாகிறதா?

1843 ஆகஸ்டில் அயர்லாந்தின் கார்க் நகரில், பிரிட்டிஷ் அறிவியல் முன்னேற்றச் சங்கத்தின் கூட்டத்தில் விடையை வைத்தார். விழும் எடைகளால் சுழலும் மின்னாக்கி தண்ணீரைச் சூடாக்கியது. அவர் கண்ட வீதம், மேயரின் அளவில் சொன்னால், ஏறத்தாழ 460 மீட்டர். அவையில் பெரிதாக யாரும் பொருட்படுத்தவில்லை.

ஜூல் மின்சாரத்தை விட்டுவிட்டு இன்னும் நேரான வழிக்கு வந்தார். மூடிய பாத்திரத்தில் நீர், அதற்குள் துடுப்புச் சக்கரம். சக்கரத்தின் அச்சிலிருந்து நூல் போய், கப்பி மேல் ஏறி, எடைகளைத் தாங்குகிறது. எடை மெல்ல இறங்க, துடுப்பு நீரைக் கலக்குகிறது. நீர் துடுப்போடு சேர்ந்து சும்மா சுற்றிவிடக் கூடாது, ஆகவே பாத்திரத்தின் உள்சுவரிலிருந்து நிலையான தகடுகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. எடை தரை தொட்டதும் மறுபடி மேலே சுற்றியேற்றி விடுவார். இருபது முறை அப்படி ஏற்றி இறக்கினாலும் நீர் அரை டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குச் சற்றே மேல்தான் ஏறும். அளப்பவரின் உடற்சூடு பட்டால்கூட அது கெட்டுவிடும். டிகிரியின் இருநூறில் ஒரு பங்கைப் படிக்கக்கூடிய வெப்பமானிகளை மான்செஸ்டர்க் கருவி வினைஞர் டான்சர் அவருக்குச் செய்து கொடுத்தார். பீர் காய்ச்சும் தொழிலில் வெப்பம் சற்றுப் பிசகினாலும் சரக்கு கெட்டுவிடும். அந்தத் தொழில் பார்த்த கண்ணும் கையும் அந்த நுண்மைக்குப் பழகியிருந்தன.

1847-இல் நீரில் அளந்தார். பிறகு நீரைக் கொட்டிவிட்டுத் திமிங்கில எண்ணெயை ஊற்றி அளந்தார். நீர் வேறு, எண்ணெய் வேறு. அடர்த்தியும் பிசுப்பும் வேறு. ஆனால் இரண்டிலும் ஏறத்தாழ 429 மீட்டர்! மேயர் பகுத்துச் சொன்ன மாறாத வீதத்தை, மேயரின் பெயரையே அறியாத ஒருவர் நூலும் எடையும் கொண்டு கண்முன் நிறுத்திவிட்டார்.

அந்த ஏப்ரலில் மான்செஸ்டரின் தூய ஆன் தேவாலய வாசகசாலையில் உள்ளூர் மக்களுக்கு அதை விளக்கிப் பேசினார். பேச்சு முழுவதையும் அச்சிட்டது ஓர் உள்ளூர்ப் பத்திரிகைதான். அறிஞர் சபைகள் திறக்காத கதவுகளுக்கு வெளியேதான் இந்த விதி வளர்ந்தது. மருத்துவரும் ஆலைக்காரரும் இதைக் கண்டது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. ஓர் உடலைப் பிழைக்கவைக்கவும் ஓர் ஆலையை ஓட்டவும் கடமைப்பட்டவர்கள், போட்டது எங்கே போயிற்று என்று கேட்காமல் இருக்க மாட்டார்கள்.

ஆக்ஸ்ஃபோர்டு, ஜூன் 1847

மறுபடி பிரிட்டிஷ் சங்கக் கூட்டம். ஜூல் தம் முறைக்குக் காத்திருந்தார். நேரம் குறைவு, கட்டுரையை வாசிக்க வேண்டாம், சோதனையைச் சுருக்கமாக வாயால் சொல்லிவிட்டு அமரலாம் என்றார் தலைவர். ஜூல் சொல்லி முடித்தார். விவாதத்துக்கும் அழைப்பில்லை. கார்க்கில் நடந்ததே இங்கும் நடக்கவிருந்தது.

அவையில் வில்லியம் தாம்சன் இருந்தார். கிளாஸ்கோ பல்கலைக்கழகப் பேராசிரியர். வயது 23 நிரம்பும் தறுவாய். அவர் எழுந்து பேசித்தான் அவையின் கவனத்தைத் திருப்பினார் என்று ஜூல் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். எழ எண்ணி, பிறகு அடக்கிக்கொண்டு, கூட்டம் முடிந்ததும் ஜூலைத் தேடிப்போய்ப் பேசியதாகத் தாம்சன் எழுதினார். நடந்தது எதுவானாலும், அன்று தாம்சன் நிம்மதியாகத் திரும்பவில்லை. ஜூல் சொல்வது தவறாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துக் கேட்கத் தொடங்கியவர், கேட்கக் கேட்க அதில் ஒரு பேருண்மை இருப்பதைக் கண்டுவிட்டார்.

தாம்சனின் சிக்கல் இது. 1824-இல் சாடி கார்னோ என்ற பிரெஞ்சுப் பொறியாளர் நீராவி இயந்திரத்துக்கு ஓர் அருமையான கோட்பாடு தந்திருந்தார். அதன்படி வெப்பம் சூடான உலையிலிருந்து குளிர்ந்த இடத்துக்குக் குறையாமல் இறங்கும். இறங்கும் வழியில் வேலை செய்யும். ஜூல் சொல்வதோ, வேலை நடந்தால் அந்த அளவுக்கு வெப்பம் செலவழிந்தே தீரும் என்று. இரண்டும் எப்படி உண்மையாக முடியும்?

அதற்கும் அடியில் இன்னொன்று. ஓர் இரும்புக் கம்பியின் ஒரு முனை உலையில், மறுமுனை பனிக்கட்டியில். வெப்பம் சூட்டிலிருந்து குளிருக்குப் பாய்கிறது. நடுவில் இயந்திரம் எதுவும் இல்லை, எந்த வேலையும் நடக்கவில்லை. ஆற்றல் அழியாது என்றால், நடந்திருக்கக்கூடிய அந்த வேலை என்னவாயிற்று? மேயரிடமும் ஜூலிடமும் இதற்கு விடை இல்லை. விடையைத் தேடிய தாம்சன் வேறொரு விதியின் வாசலில் போய் நின்றார். எதுவும் அழிவதில்லை என்ற முதல் விதிக்குப் பக்கத்திலேயே, எதுவும் பழைய இடத்துக்குத் திரும்புவதில்லை என்று சொல்லும் விதி அது.

அதே ஆண்டு, ஜூலின் முடிவுகள் பாரிஸ் அறிவியல் அகாதமியின் வெளியீட்டிலும் அச்சேறின. அந்தப் பக்கங்கள் ஹைல்பிரானில் ஒரு மருத்துவரின் கண்ணில் படும்போது, ஐந்து ஆண்டுகளுக்கு முன் தாம் அச்சிட்ட உண்மைக்கு மேல் வேறொருவர் பெயர் நிற்பதை அவர் காண்பார். பேனாவை எடுப்பார். அவர் பாரிஸுக்கு எழுதப்போகும் கடிதமும், அதற்கு மான்செஸ்டரிலிருந்து வரப்போகும் பதிலும், இருவரில் ஒருவரை உடைத்துப்போடும்.

யாரை? அடுத்த வாரம்.

(தொடரும்)